தொட்டி, தொண்டை, தட்டு

ஜனவரி 4

கன்டெய்னர் யார்டு முதலாளி கீர்த்தியிடம் ஐந்து பழைய கார்கள். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு மெக்கானிக் வேண்டுமாம். கார்புரேட்டர் பாகங்களுக்குச் சரியான பெயர் தெரிந்தவனாக வேண்டுமாம். ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாதவன் எனக்குப் பரீட்சை வைக்கிறான்! டோல்கேட் ஷெட்டில் இருபத்தாறு வருஷமாக நானும் மஜீதும் தொட்டி, தொண்டை, தட்டு என்று சொல்லியே வண்டிகளை ஓடவிட்டிருக்கிறோம்.

இந்த மாதக் கடைசியில் ஷெட்டை மூடுகிறார்கள். வேலை இரண்டு பேருக்கும் வேண்டும்.

ஜனவரி 9

தொட்டி என்றால் ஃப்ளோட் சேம்பர். தட்டு, த்ராட்டில் வால்வு. தொண்டைக்கு வென்சுரியாம். வென்சுரி! எந்த ஊர் மாப்பிள்ளையோ.

மஜீதையும் படிக்கச் சொன்னேன். "பேரு சொன்னா வண்டி ஸ்டார்ட் ஆயிடுமா கோதண்டம்? பேஜார் பண்ணாத மாமு" என்றான். சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவன் இல்லையா, அந்தத் திமிர்.

ஜனவரி 13

வென்சுரி. வென்சுரி. கருமம்.

ஜனவரி 19

ராயபுரத்தில் பரீட்சை. கீர்த்தி 1956 ஃபியட்டின் பானெட்டைத் திறந்துவைத்து விரலை நீட்டி நீட்டிக் கேட்டான். நான் பதினான்கு பாகத்துக்கும் பெயர் சொன்னேன். மஜீது "தொண்டை" என்றதும் கீர்த்தி சிரித்தான். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னான். மூன்று தரம் இருமி நின்றது. எனக்குக் கை ஓடவில்லை. மஜீதுதான் வந்தான். "ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டர மிதிச்சுக்கினே இரு" என்று என்னிடம் சொல்லி, கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் பொத்திப் பொத்தி எடுத்தான். எஞ்சின் உறிஞ்சிய வேகத்தில் பெட்ரோல் துளையை அடைத்திருந்த குப்பை போய்விட்டது. வண்டி சீராக ஓடியது.

"என்ன பிராப்ளம்?" என்று கீர்த்தி என்னைக் கேட்டான். மஜீது கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஐடில் ஜெட்ல அடைப்பு சார்."

"கரெக்ட்டா சொல்றீங்களே!" என்று என் கையைக் குலுக்கினான். செஞ்சது அவன் சார்னு ஒரு வார்த்தை — வரலியே என் வாய்ல. த்தூ, நானெல்லாம் ஒரு மனுசன்.

ஜனவரி 20

வேலை எனக்கு.

பிப்ரவரி 3

காலையில் அதே ஃபியட் மக்கர். பொத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை. கீர்த்தி வருவதற்குள் ஓட வேண்டும். வெட்கத்தைவிட்டு மஜீதுக்குப் போன் போட்டேன். எடுத்தான்.

"சவுண்டு கேக்க வை" என்றான். வைத்தேன்.

"தொட்டில குப்ப கீது. கயட்டித் தொட."

"ஃப்ளோட் சேம்பர்லயா?" என்று கேட்டுவிட்டேன்.

போனை வைத்துவிட்டான்.

கழற்றினேன். தொட்டியில்தான் குப்பை இருந்தது.