சிவப்புக் கோடு படுத்த வாரம்

கிளியூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுதாராணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. சேர்வராயன் சாமி புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நலம் என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. அந்த ஆஸ்டல் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். சொல்லாமல் விட்டால் உன் படிப்புக்குக் கெடுதல்.

லீவில் வந்தபோது உன் காலேஜ் பரிசோதனைக்கென்று வீட்டுக்குப் பின்னால் நீ வைத்துவிட்டுப் போன காப்பி நாற்றுகளைப் பற்றித்தான். ஒரே விதை, ஒரே மண், ஒரே நிழல், ஒரே அளவு தண்ணீர், ஒரு வரிசைப் பைகளுக்கு மட்டும் காப்பித் தோல் உரம், இன்னொரு வரிசைக்கு ஒன்றும் போடக் கூடாது, ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும் என்று உங்கப்பாவை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாய். ஒற்றைச் செடியை நம்பக் கூடாது, அது நோஞ்சானாக இருந்துவிடலாம், அதனால்தான் பல செடி வைத்துச் சராசரி எடுக்கிறோம் என்றாய். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் முன்னால் நிற்கிற மாதிரி அவரும் தலையாட்டினார். ஞாயிறு தவறாமல் ஸ்கேலை மண்ணில் ஊன்றி, குனிந்து கண்ணுக்கு நேராகப் பார்த்து, அளவை உனக்கு வாட்சப்பில் அனுப்பினார். இரண்டு வரிசையும் ஒன்றுபோலவே வளர்ந்தன. உனக்கு ஆத்திரம் வந்து, ஒழுங்கா அளக்கறீங்களாப்பா, இல்ல கண்ண மூடிட்டு எழுதறீங்களா என்று கேட்டாய். அவர் பதில் பேசாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் எஸ்டேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், சேலம் ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற வழியிலேயே போய்விட்டார்.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது, அந்த ஸ்கேலை நான் எடுத்துக்கொண்டேன். உரம் போட்ட வரிசை எப்போதும் போல வளர்ந்தது, போடாத வரிசை அப்படியே நின்று இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நான்தான் தண்ணீரைக் குறைத்துவிட்டேனோ என்று, பக்கத்து வீட்டில் மாடு வைத்திருக்கும் குப்பாயி அக்காவிடம் புலம்பினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, உன்ற ஊட்டுக்காரரு தெனமும் எங்கூட்டுச் சாணிய வாங்கிக் கரைச்சு அந்தப் பட்டினி வரிசைக்கு ஊத்துவாரு கண்ணு, ஒரே பந்தியில ஒக்கார வெச்சு ஒண்ணுக்குச் சோறு போட்டு ஒண்ணைப் பாக்க வெக்கிறது பாவமுங்க, எம்புள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்கன்னு நொம்பக் கேட்டுக்கிட்டாரு என்றாள். இந்த மனுசனை என்ன செய்வது சொல். செடிக்கு இரக்கப்பட்டு மகள் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்தப் பைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

காப்பித் தோல் உரத்தால் பயனில்லை என்று எழுதி முடிக்கப் போவதாகச் சொன்னாயே, அப்படி எழுதிவிடாதே. அளவில் பொய் இல்லை, அவர் அளந்தது அத்தனையும் நிஜம். அப்பாவைக் கடைசியாகத் திட்டிவிட்டேனே என்று நீ அழுததும் போதும். அவர் பேசாமல் போனைக் கொடுத்தது வருத்தத்தில் இல்லை, திருட்டுத்தனம் வெளியே வந்துவிடுமே என்றுதான். நான் அப்படி நினைத்துக்கொள்கிறேன், நீயும் அப்படியே நினைத்துக்கொள். ஒண்டிக்கடை முக்குவரை போய்க் கிராஃப் தாள் வாங்கி, நீ காட்டியது போலவே வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கீழே வாரம், பக்கவாட்டில் உயரம், சென்டிமீட்டர் என்றும் எழுதிவிட்டேன். உரம் போட்டது நீலம், போடாதது சிவப்பு. இரண்டும் ஒட்டிக்கொண்டே ஏறுகின்றன, ஓரிடத்தில் சிவப்பு மட்டும் படுத்துவிடுகிறது. அது அப்பாவை எடுத்த வாரம். பார்க்கிறவர்கள் குழம்பக் கூடாது, அங்கே காரணம் எழுத வேண்டும் என்று பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை கண்ணு. நீயே எழுதிக்கொள்.

பரிசோதனையை முதலிலிருந்து தொடங்குவோம். புதுப் பைகளில் மண் நிரப்பிவிட்டேன், விதையும் கேட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை உரம் போடாத வரிசைக்குத் தண்ணீரைத் தவிர ஒரு சொட்டு எதுவும் போகாது, குப்பாயி அக்காவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குத் தூங்கு, சேர்வராயன் சாமி உன்னைக் கைவிடாது. மறக்காதே, பழைய சிவப்பு வரிசைக்கு மட்டும் இனிமேல் அளவு கேட்காதே. அதற்கு இப்போது தினமும் சாணி கரைத்து ஊற்றுவது நான்தான்.

உன்னை நினைத்தே இருக்கும் அம்மா,
சென்னம்மாள்