புல்லாங்குழலுக்கு அடியில் உங்கள் சிரிப்பு

அம்மா,

இன்று பின்னேரமும் சின்னம்மாவின் போனில் முதலில் சோப்பு விளம்பரம்தான் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் நுரையைக் கையில் அள்ளி ஊதுகிறாள். அவள் ஊதி முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நம்முடைய முற்றம் வரும், முருங்கைமரம் வரும், அதன் கீழே பிளாஸ்டிக் கதிரையில் நீங்கள் வருவீர்கள்.

அசைகிற உங்களைப் பார்க்க எனக்கு இந்த ஒரு வழிதான் இருக்கிறது. நம்மிடம் இருந்தது பொத்தான் போன். சின்னம்மாவின் கல்யாணப் படத்தில் நீங்கள் கழுத்தை நிமிர்த்தி அப்படியே நிற்கிறீர்கள். நீங்கள் முடியைக் கோதி முடிவதும், பேசும்போது கையை விரிப்பதும், கண்ணைத் துடைப்பதும் நம் வீட்டுக்கு வந்து படம் பிடித்த அந்த அண்ணாவின் வீடியோச் சனலில் மட்டும்தான் உள்ளன. நான் உங்களைத் தேடிப் போகும்போதெல்லாம் சோப்புக்காரர்கள் அவருக்கு ஏதோ சில்லறை கொடுக்கிறார்கள். தாயைப் பார்க்கப் போகிற பிள்ளைக்கு வாசலில் வைத்து டிக்கெட் கிழிப்பதுபோல இருக்கிறது.

அப்போது அவருடையது சின்னச் சனல். வெளிநாட்டில் இருக்கிற நம்முடைய ஆட்கள் பார்த்துவிட்டுக் காசு அனுப்புவார்கள். அவர் சாமான் வாங்கிக்கொண்டுபோய்க் கஷ்டப்பட்ட வீடுகளில் கொடுப்பார். கொடுப்பதையும் படம் பிடித்துப் போடுவார். செட்டிபாளையத்துக்கு அவர் வந்தபோது, மெயின் றோட்டுக் கடைக்காரர்தான் நம் வீட்டைக் காட்டிக்கொடுத்தார். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

கழுவிய இடியப்பத் தட்டுகளை நீங்கள் வேலியோரம் வெயிலில் பரப்பி வைத்திருந்தீர்கள். அவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அம்மா, இந்தத் தட்டெல்லாம் ஒருக்கா உள்ளுக்கு வைப்பமா? வியாபாரம் நடக்கிற வீடு மாதிரித் தெரியுது."

"நடக்கிறதுதானே தம்பி. காலையில வந்திருந்தா சொதியோட தந்திருப்பன்."

"இல்லம்மா, வெளிநாட்டில இருந்து பாக்கிறவங்க வேற மாதிரி நினைப்பாங்க."

"அவங்க என்ன மாதிரி நினைக்கணும்?"

அவர் சிரித்தார். தட்டுகளை உள்ளே கொண்டுபோனது நான்தான். அவர் உங்களைக் கதிரையில் இருத்தி, போனைத் தடியில் பொருத்தி, கேட்கத் தொடங்கினார். புருசன் எங்கே என்று கேட்டார். "ஆள் எங்கயோ உசிரோடதான் தம்பி. நமக்குத்தான் இல்ல" என்றீர்கள். பிள்ளை படிக்கிறாவா என்று கேட்டார். "படிக்கிறதா? கடலை சுத்தின பேப்பரையும் விரிச்சு வாசிச்சுப்போட்டுத்தான் எறிவாள்" என்றீர்கள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. அவருக்குப் போதவில்லை. போனைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்:

"அம்மா, ஒருக்கா அழ ஏலுமா?"

நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "முன்னமே சொல்லியிருக்கலாமே தம்பி. வெங்காயம் வெட்டுற நேரமாப் பாத்து வரச் சொல்லியிருப்பன்."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பு சத்தத்தோடு தொடங்குவதில்லை. முதலில் தோள் குலுங்கும். சேலைத் தலைப்பு வாய்க்குப் போகும். பிறகு மூச்சு உள்ளே இழுபட்டு, எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பிபோல ஒரு கிறீச் வரும். அந்தக் கிறீச்சைக் கேட்டால் உங்களுக்கே இன்னும் சிரிப்பு கூடும். அன்று நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். உங்கள் கண்ணால் நீர் வழிந்தது. தலைப்பால் ஒரு கண், மறு கண் என்று துடைத்துத் துடைத்துச் சிரித்தீர்கள். அவர் சட்டென்று சிரிப்பதை நிறுத்தி, குனிந்து போனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று அகப்பட்டதுபோல இருந்தது. அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

வீடியோ வந்ததும் சின்னம்மா தன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மூவரும் குசினி வாசலில் இருந்து பார்த்தோம். முருங்கைமரம், கதிரை, நீங்கள். உங்கள் குரலில் இருந்தது பிள்ளையைப் பற்றிய அரை வசனம் மட்டும். பிறகு ஒரு புல்லாங்குழல் எழுந்தது. உங்கள் தோள் குலுங்கியது. தலைப்பு வாய்க்குப் போனது. கண்ணைத் துடைத்தீர்கள், மறுபடியும் துடைத்தீர்கள். கிறீச் இல்லை. புல்லாங்குழல் மட்டும் நீண்டு அழுதது.

"இதென்ன, நான் சிரிச்சதெல்லோ?" என்றீர்கள்.

"அக்கா, சத்தியமா அழுற மாதிரியேதான் இரிக்கு" என்றார் சின்னம்மா. அவருக்கே கண் கலங்கியிருந்தது.

வீடியோவின் தலைப்பை நான் வாசித்துக் காட்டினேன். 'கணவனை இழந்து பறிதவிக்கும் தாய்'. அப்பாவை அவர் சாகடித்துவிட்டார் என்பது உங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நான் இவ்வளவு காலமா நினைச்சிட்டிருந்தத இவன் ஒரு வரியில செய்துபோட்டான்" என்றீர்கள். அவர் கடைசியில் தோன்றி, சனலில் சேர்ந்து மணியை அமத்துங்கள் என்று விரலைக் காட்டியபோது, "பூசையும் இரிக்காம்" என்றீர்கள். அன்று குசினிக்குள் கிறீச் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தத் தலைப்பில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது, அம்மா. பரிதவித்தல் என்பதற்குச் சின்ன ர வரவேண்டும். அவர் பெரிய ற போட்டிருக்கிறார். பறித்தல் என்றால் பிடுங்குவது. வேறு யார் பிழை விட்டாலும் நான் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன், உங்களுக்கு என் குணம் தெரியும். இதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த வீடியோ முழுவதிலும் அந்த ஒரு எழுத்துத்தான் உண்மை பேசுகிறது.

சனம் பார்த்தது. கனடாவிலும் சுவிசிலும் இருந்து எழுதினார்கள். அழாதீங்க அம்மா என்றார்கள், நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். நீங்கள் கேட்டபடியே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஒருவர் எழுதியிருந்தார்: "காதில தோடு மின்னுது, இவவுக்கு என்ன கஷ்டம்?" நீங்கள் காதைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் கவரிங் அவ்வளவு தூரத்துக்கு மின்னுதா? குடுத்த காசுக்குப் பிழையில்ல" என்றீர்கள். அடுத்த நாள் காலையில் காது வெறுமையாக இருந்தது. பிறகு அந்தத் தோட்டை நீங்கள் போடவே இல்லை.

அவர் மூட்டை சாமானும் ஒரு சைக்கிளும் கொண்டுவந்தார். அதையும் படம் பிடித்தார். அந்தச் சைக்கிளில்தான் இன்றும் பள்ளிக்கூடம் போகிறேன். சங்கிலி மூடியில் அவர் சனலின் பெயர் ஒட்டியிருக்கிறது, சுரண்டினாலும் போகவில்லை. அந்தச் சைக்கிளில் பொய் எதுவும் இல்லை. நான் பொருமியபோது நீங்கள்தான் அவருக்காகப் பேசினீர்கள். "குடுத்தது நமக்குத் தெரியாத சனம். நடுவில அவன் வெயிலில ஓடித் திரியிறான். அவனுக்கும் பசிக்கும்தானே புள்ள."

அவருக்கு நம்மால் பசி தீர்ந்தது. அந்த வீடியோவுக்குப் பிறகு அவர் சனல் சின்னச் சனல் இல்லை.

நமக்கு நடந்ததை நான் ஒரு நாள் கடையில் கண்டேன். இடியப்பக் கூடையைக் கொடுக்கப் போயிருந்தோம். கடைக்காரர் மனைவி தன் மாமியாரைப் போல நடந்து காட்டினார். எல்லாரும் விழுந்து சிரித்தார்கள். உங்கள் தோள் ஒருமுறை குலுங்கியது. அதோடு நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே றோட்டைப் பார்த்தீர்கள். உள்ளே ஒருத்தி கேட்டாள்: "வெளிநாட்டுக்காரங்கதான் பாக்கிறாங்களே, இனி என்னத்துக்கு இடியப்பம் அவிக்கிறாய்?" நீங்கள் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற ஆள் நீங்கள்.

வரும் வழியில் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டேன்.

"நான் இப்ப அழுத பொம்பிள புள்ள. றோட்டில நிண்டு சிரிச்சா, அண்டைக்கு நடிச்சவள் எண்டு சொல்லுவாங்க. மறுகா உன்ட சைக்கிளையும் சேத்துச் சொல்லுவாங்க."

அழாத அழுகைக்கு நீங்கள் அவ்வளவு காலம் காவல் இருந்தீர்கள். கோயிலில், கடையில், பஸ்ஸில் எல்லா இடத்திலும் அந்த வீடியோவின் முகத்தோடு இருந்தீர்கள். சிரிப்பு வந்தால் வீட்டுக்கு வந்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தீர்கள். வேறு வீடுகளில் கதவைச் சாத்திவிட்டு அழுவார்கள்.

மழை விட்ட கையோடு வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. அதை நான் எழுதப்போவதில்லை. செத்தவீட்டுக்கு அவரும் வந்தார். கையில் போன்கூட இல்லை. சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார். அவரை நல்லவர் என்று நினைத்தேன். அடுத்த கிழமை அதே வீடியோ முன்னால் ஒரு மெழுகுதிரியோடு மறுபடியும் வந்தது. 'இந்தத் தாய் இன்று நம்மோடு இல்லை.' நீங்கள் கண் துடைக்கிற அந்த இடம்தான் முகப்புப் படம். புல்லாங்குழலோடு வயலினும் சேர்ந்திருந்தது.

எனக்கு ஒன்றுதான் வேண்டும் என்று அப்போது தெரிந்தது. வெட்டாத வீடியோவில் உங்கள் சிரிப்பு இருக்கும். இசையைப் போட்டு மூடினாலும், கீழே அது கிடக்கத்தானே வேண்டும்? பஸ் ஏறி டவுனுக்கு, புளியந்தீவுக்குப் போனேன். கடையொன்றின் மேல்மாடியில் அவர் ஒரு அறை எடுத்திருக்கிறார். வட்டமான பெரிய லைட்டும் சாய்ந்தால் சாய்கிற கதிரையும் இருந்தன. என்னைக் கண்டதும் எழும்பி வந்து இருக்கச் சொன்னார், குடிக்கச் சோடா தந்தார்.

"அந்த முழு வீடியோவும் இரிக்கா அண்ணா?"

"இரிக்கும் தங்கச்சி. நான் ஒண்டையும் அழிக்கிறல்ல."

கம்ப்யூட்டரில் தேடினார். முருங்கைமரம் வந்தது. இசை இல்லை. காகம் கத்தியது, தூரத்தில் பஸ் ஹோர்ன் அடித்தது. நீங்கள் பேசினீர்கள், அம்மா. "முன்னமே சொல்லியிருக்கலாமே தம்பி." வெங்காயம் வந்தது. உங்கள் தோள் குலுங்கத் தொடங்கியது.

அவர் நிறுத்தினார்.

"இருங்க தங்கச்சி" என்றார். என் முகத்தைப் பார்த்தார். அன்று முற்றத்தில் குனிந்து போனைப் பார்த்தபோது கண்ட அதே முகம் அவருக்கு. இப்போது எனக்கு விளங்கியது.

"இத நீங்க இன்னும் கேக்கல்லத்தானே? நாம ஒரு வீடியோ செய்வம். அம்மா போனதுக்குப் பிறகு அவட சிரிப்ப மகள் முதன்முதலாக் கேக்கிறா. உங்கட முகத்த மட்டும் எடுப்பன். ஒண்டும் பேசவும் தேவல்ல. உங்கட படிப்புக்கும் ஆராவது செய்வாங்க."

"எனக்கு அந்தச் சத்தம் மட்டும் தந்தாக் காணும் அண்ணா."

"தாறன், தராம விடுவனா? முதல் எடுத்துப்போட்டுத் தாறன். இப்பவே கேட்டீங்கெண்டா மறுகா கமெரா முன்னுக்கு அந்த உணர்ச்சி வராது."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தட்டுகளை உள்ளே வைக்கச் சொன்ன அதே மரியாதையோடு சொன்னார். நான் திரையைப் பார்த்தேன். தலைப்பு வாய்க்குப் போகும் வழியில் உங்கள் கை அப்படியே நின்றது. இன்னும் ஒரு மூச்சுத்தான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பிவிட்டேன். பாலத்தைக் கடக்கும்போது பஸ் ஜன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்ப்பார்கள் என்று முகத்தைக் கல்லுப்போல வைத்திருந்தேன்.

கேட்டால் அழுவேன், அம்மா. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நீங்கள் அழாமலே அவருக்கு அவ்வளவு கிடைத்தது. நான் உண்மையாகவே அழுதால் எவ்வளவு கிடைக்கும்? அதற்கும் புல்லாங்குழல் போடுவார். பிறகு நானும் கடைவாசலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

சின்னம்மாவின் போனுக்கு அவர் இன்னும் செய்தி அனுப்புகிறார். எப்ப வாறீங்க தங்கச்சி என்று கேட்கிறார். நான் போகவில்லை. அவர் ஒன்றையும் அழிக்கிறவர் இல்லை, ஆகையால் உங்கள் சிரிப்பு அந்த அறையில் பத்திரமாக இருக்கிறது. எனக்குள் இருக்கிறதுதான் பத்திரமில்லை. கிறீச் முதலிலா, தோள் முதலிலா என்று நேற்று ஒரு கணம் தடுமாறிவிட்டது. பாடம் எதையும் நான் அப்படி மறந்ததில்லை.

அதனால் இன்று சோப்புக்காரி ஊதி முடித்ததும் சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டேன். புல்லாங்குழலும் இல்லை, வயலினும் இல்லை. முருங்கைமரத்தின் கீழே உங்கள் தோள் குலுங்கியது. தோள்தான் முதல். தலைப்பு வாய்க்குப் போனது. நான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தேன். முதல் தரம் இருமல் மாதிரி வந்தது. வீடியோவைப் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் பார்த்தேன், மறுபடியும் இழுத்தேன். கப்பி கிறீச்சிட்டது. நீங்கள் கண்ணைத் துடைத்தீர்கள்.

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஆரு புள்ள அது?" என்று சின்னம்மா கேட்டார்.

"நான்தான் சின்னம்மா" என்றேன்.