தலையைத் தூக்கும் துரை

ஊட்டி, 18-11-1974

அன்புள்ள அருள்மேரிக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். மண்ணூரில் நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவின் இருமல் தணிந்ததா?

கோல்ஃப் மைதானத்தில் நான் பை சுமக்கும் எஸ்டேட் துரை, போன மாதம் பந்து தொலைந்ததற்கு எல்லார் முன்னாலும் என்னை அறைந்தார். பெரிதாக வலிக்கவில்லை, கவலைப்படாதே. இப்போது அவரே, "செல்வநாதா, என் அடி ஏன் கோணலாப் போவுது?" என்று கேட்கிறார். பந்தை அடிக்கும் முன்பே தலையைத் தூக்கிவிடுகிறார்; அதுதான் கோளாறு. பை சுமக்கும் எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். நானோ, "மட்டையை இன்னும் இறுக்கிப் புடிங்க தொரை" என்றேன். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் அவர் அடுத்தடுத்து அடித்த மூன்று பந்தும் குளத்தில்! கிளப்பே சிரித்தது.

ஆனால் அடி திருந்தும்வரை என்னை விடமாட்டாராம்; கிறிஸ்துமஸுக்கும் லீவு இல்லையாம். உண்மையைச் சொன்னால் ஊருக்கு வந்துவிடலாம். சொல்லமாட்டேன்.

தபால்காரர் வந்துவிட்டார். என் கம்பளியைப் பார்சலில் அனுப்பிவிடு.

உன்,
செல்வநாதன்