நின்று தின்ற பெட்ரோல்

மே 4, திங்கள்

கத்திரி தொடக்கம். காலை ஏழு மணிக்கே குழாய்த் தண்ணீர் சுடுகிறது. பங்கில் டேங்க் நிரப்பினேன். 212 கி.மீ., 26.2 லி. அதாவது லிட்டருக்கு 8.1.

பிப்ரவரி வரை 13 கொடுத்த வேன். மார்ச்சிலிருந்து சரிவு. அதே ரோடு, அதே ஆள்: இவர் ராயபுரத்திலிருந்து நெருப்பெரிச்சல் கம்பெனிக்குப் போகிறார், வருகிறார். முதுகு டாக்டர் பைக் கூடாது என்றதிலிருந்து, எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் ஒரே ஆள். 

காலேஜ் லீவு. எனக்கும் வேறு வேலை இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது.

குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டிருக்கக் கூடாது. டேங்கில் பாச்சா உருண்டை போடச் சொல்கிறார் சின்ன மாமா. பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டச் சொல்கிறார் இன்னொருவர். பி.காம். படித்தவர்.

அத்தை: "மாட்டுக்குத் தீனி வெச்சாப் பாலாச்சும் கறக்கும். இது என்னத்தக் கறக்குது?"

இவர், வண்டிக்கு வயசாச்சு என்று மட்டும் சொன்னார்.

மே 5, செவ்வாய்

டயர் காற்று நான்கிலும் குறைவு. நிரப்பியாயிற்று. ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டும்.

இவர் கிளம்புமுன் வண்டியைக் காலி செய்தேன். எடை கூடினால் பெட்ரோல் கூடும், இதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. இறங்கியவை: மாமனாரின் சக்கர நாற்காலி (அவர் போய் மூன்று வருடம்), தார்ப்பாய், நூல் கோன் பெட்டி இரண்டு, மகளின் ஹாஸ்டல் வாளி, உடைந்த குடை. எப்படியும் நாற்பது கிலோ.

பின் சீட்டில் ஒரு தலையணை, போர்வை, ஒரு வாரப் பேப்பர். அவற்றையும் இறக்கினேன். இவர் தலையணையை மட்டும் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார்.

மாலை: கீரை, பல்பு, அத்தைக்கு மூட்டுத் தைலம்.

மே 6, புதன்

இவர் இன்று பஸ்ஸில். வேன் மெக்கானிக் ரஹீம் பாயிடம். பதினோரு மணி முதல் இரண்டு வரை தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். விடைத்தாள் திருத்தலாம் என்று கொண்டுபோனது. ஒன்றுகூடத் திருத்தவில்லை.

இன்ஜினில் கோளாறு இல்லையாம். பிளக்குகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். எல்லாம் கரி. நான் ரோட்டைச் சொன்னேன், நெரிசலைச் சொன்னேன், கலப்படத்தைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இது ஓடித் தின்ன பெட்ரோல் இல்லீங்க டீச்சர். நின்னு தின்னது."

இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டு மணிக்கணக்கில் நிறுத்தினால் இப்படித்தான் கரி பிடிக்குமாம். பிளக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் கேட்டேன். மத்தியானம் வண்டியில் சற்றுக் கண்ணயர்வாராம். நிட்டிங் மெஷின் சத்தத்தில் பத்தொன்பது வருடம் நின்றவர். பாவம்தான். ஆனாலும் இரண்டு மணி நேரத் தூக்கத்துக்கு இரண்டு லிட்டரா?

கோன் பெட்டி அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினேன்.

1. நின்றால் இன்ஜின் ஆஃப்.
2. 50க்கு மேல் வேண்டாம்.
3. ஏசி, வண்டி ஓடும்போது மட்டும்.

படித்தார். "செரி" என்றார். டேங்க் மறுபடி நிரப்பியாயிற்று. கணக்கு நாளையிலிருந்து.

மே 9, சனி

வெயில் தாங்கவில்லை. தெருவில் நாய்கூட இல்லை.

துணி துவைக்கும்போது கவனித்தேன். இவர் சட்டை முதுகில் உப்பு, வெள்ளை வெள்ளையாக, மேப் போட்டதுபோல். மூன்று சட்டையிலும். கம்பெனியில் கூலர் ஓடவில்லையா என்றேன். ரிப்பேர் என்றார். முகம் கறுத்திருக்கிறது. வந்ததும் இரண்டு சொம்புத் தண்ணீர், நின்றபடியே.

மே 12, செவ்வாய்

12.6!

இரண்டு முறை வகுத்துப் பார்த்தேன். காந்தமும் வேண்டாம், உருண்டையும் வேண்டாம். குழுவில் போடலாமா என்று நினைத்து, போடவில்லை. இவரிடம் மைலேஜ் நோட்டைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "பரவால்லியே" என்றார். அட்டையின் டேப் விட்டுப்போய்விட்டதாம். வேறு ஒட்டித் தரவா என்றேன். வேண்டாம், கைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறாராம்.

மே 14, வியாழன்

எழுதலாமா என்று தெரியவில்லை.

இவர் டிபன் கேரியரை மறந்துவிட்டுப் போனார். போன் எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு ஸ்கூட்டரில் நானே நெருப்பெரிச்சல் கிளம்பினேன். இவர் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை போனது, அதன்பின் இன்றுதான்.

கம்பெனி கேட் பாதி சாத்தியிருந்தது. மெஷின் சத்தமே இல்லை. வாட்ச்மேன் பெரியவர், தெற்கத்திக்காரர் போலப் பேச்சு. பேரைச் சொல்லிக் கேரியரை நீட்டினேன்.

"சார் பிப்ரவரியோட நின்னுட்டாகளே. நிட்டிங்கே நிறுத்தியாச்சுல்லா. வீட்ல சொல்லலியா தாயி?"

சொன்னார், நான்தான் மறந்துவிட்டேன் என்றேன். இதை எப்படி நம்புவார்? ஆனால் நம்பியதுபோல் தலையாட்டினார். நல்ல மனிதர்.

திரும்பும் வழியில், பூட்டிக் கிடக்கும் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் வேன். வேப்பமரம்தான், ஆனால் அரை நிழல். நான்கு கண்ணாடியும் இறக்கியிருந்தது. இன்ஜின் ஆஃப். இவர் பனியனோடு பின் சீட்டில் சாய்ந்திருந்தார். சட்டை ஜன்னலில் காய்ந்தது. கையில் ஓர் அட்டை, விசிறிக்கொண்டிருந்தார்.

என் அட்டை.

கிட்டே போகவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே திருப்பம் வரை வந்து ஸ்டார்ட் செய்தேன். வீட்டில் அடுப்படியில் நின்றபடி கேரியர் சோற்றை நானே தின்றேன். கொள்ளுப் பருப்பு. அத்தை, "இன்னிக்கு என்ன ரெண்டு தடவ?" என்றார்.

மாலை இவர் வந்ததும் கேரியர் மறந்ததைச் சொன்னேன். கேன்டீனில் சாப்பிட்டாராம். புளிச்சாதம், நல்லா இருந்ததாம்.

மே 15, வெள்ளி

தூக்கம் இல்லை.

ஏப்ரல் முதல் தேதியும் மே முதல் தேதியும் வழக்கம்போல வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுத்தார். எங்கிருந்து என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் கேள்விகள் குறைவு. அதை மரியாதை என்று இருபத்து நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்டால் சொல்லிவிடுவார். பொய்யைத் தொடரத் தெரியாதவர். ஆனால் சொல்லிவிட்ட பிறகு, காலை எட்டரைக்கு எங்கே போவார்? அத்தைக்கு முன்னால், டிவிக்கு முன்னால், நாள் முழுக்க? 

மார்ச், ஏப்ரலில் அவருக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாவது இருந்தது. அதை நான் நிறுத்தினேன். 12.6.

எட்டரைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கேரியரோடு இரண்டு தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். சொல்ல நினைத்தது ஐந்தாறு வாக்கியம். வந்தது இதுதான்:

"வெயில் அதிகமுங்க. நிக்கும்போதும் ஏசி போட்டுக்கங்க."

ஒரு செருப்பு மாட்டியபடி நின்றார்.

"மைலேஜ் போயிருமே."

"போனாப் போகுதுங்க."

என்னைப் பார்த்தார். நான் கேரியர் மூடியைச் சரிசெய்தேன். பிறகு மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டு போனார். இறக்கி வைத்திருந்த போர்வையை மடித்து முன் சீட்டில் வைத்திருந்தேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டதை அறிந்துகொண்டாரா, தெரியவில்லை. தெரிந்து என்ன செய்யப்போகிறேன்.

மே 17, ஞாயிறு

மகள் போனில். அப்பா எப்படி இருக்காங்க என்றாள். நல்லா இருக்காங்க. விடைத்தாள் பதினெட்டு முடிந்தது. பாக்கி அறுபது.

இவர் நாள் முழுக்க வீட்டில். குழாய் வாஷர் மாற்றினார். அத்தைக்கு நகம் வெட்டிவிட்டார். ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியைக் கழுவினார். ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மே 19, செவ்வாய்

மேகம் இருக்கிறது, மழை இல்லை. டேங்க் நிரப்பினேன். 7.4.

மைலேஜ் நோட்டில் எழுதவில்லை. அதில் 12.6தான் கடைசி. சட்டைகளில் உப்பு இல்லை.

பங்கிலிருந்து வந்ததும் அத்தை கேட்டார், வண்டி இப்போ தேவலையா என்று.

தேவலை என்றேன்.