பயித்தங்காய் இலையில் புள்ளி

செவ்வாய், இரவு.

டெங்கில் ஊர்த் தோட்டத்துப் பயித்தங்காய் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. எனக்குத் தெரியாத பூச்சியா? ஆள்களை வேலை வாங்கும் மண்டோர் நான், பூச்சிதான் என்று அடித்துச் சொல்லி, கான்ட்ராக்ட் ஆள் கமலாவை மூன்று நாள் மதிய வெயிலில் இலை கிள்ள விட்டேன்.

இன்று விவசாய ஆபீசர் பெண் வந்து பார்த்தாள்.

"பூச்சி இல்ல அங்கிள். வண்டிப் புகை வெயில்ல ஓசோனா மாறி இலையைக் கருக்குது. மதியம்தான் மோசம். மனுஷ நெஞ்சுக்கும் ஆகாது."

"எனக்கு அப்பவே தெரியும்லா," என்றேன்.

பின்னால் கமலா இருமினாள். "நான் இருமுறத முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க அண்ணே, வேற ஆள் போட்டுருவாரு."

உடனே முதலாளிக்குப் போன் செய்தேன். "மதியத்துல ஆள் நடமாடினா செடி வாடிப்போகும் பாஸ். நாப்பது வருஷ அனுபவம்," என்று அளந்துவிட்டேன்.

செடிக்கு என்றதும் சரி என்றார். நாளை முதல் காலை வேலை மட்டும்.

கமலாவுக்கு என்று கேட்டிருந்தால்...