பச்சைப் பொட்டலமும் இருபத்தேழாம் சாயமும்

மார்ச் 3, தைச்சுங், தைவான்

நுண்ணோக்கியின் தலையில் மறுபடியும் சோளப்பொரிப் பொட்டலம். ஆய்வகம் முழுக்க முனைவர்கள். இயந்திரம் மக்கர் பண்ணாமலிருக்கத் தின்பண்டப் படையல்! பச்சைப் பொட்டலம்தான் வேண்டுமாம், மஞ்சள் ஆகாதாம், காலாவதியும் ஆகக் கூடாதாம். எடுத்துக் கீழே போட்டேன். நுண்ணோக்கியின் பொறுப்பாளர் யூ-ரூ திரும்ப வைத்தாள்.

"பெரியப்பா, கை வைக்காதீங்க. அது கோவிச்சுக்கும்."

எனக்குக் கோபம் வராதா?

மார்ச் 6

இந்த ஆய்வகத்துக்காக நான் செய்த இருபத்தேழாம் சாயம் தண்ணீரில் இருண்டு கிடக்கும். டி.என்.ஏ. நான்கு இழையாக முடிச்சிட்டுக்கொண்ட இடத்தைப் பற்றினால்தான் சிவப்பாக ஒளிரும். புற்றுநோய்ச் செல்லில் அந்த முடிச்சுகள் அதிகம் என்கிறார்கள். குப்பியில் ஒளிர்கிறது. பதப்படுத்திய செத்த செல்லிலும் ஒளிர்கிறது. உயிருள்ள செல்லின் உட்கருவுக்குள் மட்டும் போகவில்லை என்று யூ-ரூ சாதிக்கிறாள். இன்று நானே பார்த்தேன். உட்கரு முழுக்கச் சிவப்பு! கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெளிச்சத்த இப்படி முழுசாத் திறந்து வச்சா? பொசுங்கிச் சாகுது பெரியப்பா. சாகுற செல்லுக்குள்ள எது வேணும்னாலும் போகும்."

சாயப்பட்டறையில் காலமெல்லாம் துணியை வெயிலில் பிடித்துத்தான் நிறம் பார்த்தேன். வேதியியலும் அங்கே நானாகப் படித்ததுதான். இவள் இருட்டில் நிறம் பார்க்கச் சொல்கிறாள்!

மார்ச் 10

ஆய்வகத் தலைவர் பேராசிரியர் ஜோங் சொல்லிவிட்டார். மாத முடிவுக்குள் உயிருள்ள செல்லில் காட்டாவிட்டால் ஆய்வுக் கட்டுரையில் என் சாயம் கிடையாது. "பட்டறை வேற, செல்லு வேற, அண்ணே."

அண்ணனாம்.

மார்ச் 11

நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

மார்ச் 14

யூ-ரூ சாப்பிடப் போன நேரத்தில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். உட்கருவுக்கு வெளியே சிவப்புப் புள்ளிகள், உள்ளே இருட்டு. வெளிச்சத்தைக் கூட்டினேன். புள்ளிகள் சிதறின, உட்கரு சிவந்தது, செல் கொப்பளித்துச் சுருங்கியது. அப்படியென்றால் அன்று நான் பார்த்தது — சே.

அவகிட்ட நான் ஏன் சொல்லணும்?

மார்ச் 26

சாய மூலக்கூறின் வால் நீளம். அதுதான் உட்கருவுக்குப் போகும் வழியில் சிக்குகிறது. வாலைக் குறைத்துப் புதிதாகச் செய்துவிட்டேன். இதுவும் இருபத்தேழுதான். எண்ணை மாற்ற மாட்டேன்.

மார்ச் 30

மங்கிய வெளிச்சம். உட்கருவுக்குள் குண்டூசி முனையாகச் சிவப்புப் பொட்டுகள். மதியம் வந்து பார்த்தால் அதே செல் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. செத்தது பிரியாது.

"கட்டுரையில சேத்தாச்சு அண்ணே," என்றார் ஜோங்.

யூ-ரூ ஓரக்கண்ணால் பார்த்தாள். "வெளிச்சத்தக் குறைச்சது யாரு பெரியப்பா?"

"யாருக்குத் தெரியும். மெஷினே குறைச்சுக்கிச்சு."

"பாத்தீங்களா! எல்லாம் பொட்டலத்தோட மகிமை."

"இருக்கும்," என்றேன்.

ஏப்ரல் 2

பொட்டலத்தின் தேதி இந்த வாரம் முடிகிறது. ஆய்வகத்தை ஒட்டிய கடையில் மஞ்சள்தான் இருந்தது. அடுத்த தெரு வரை நடந்து பச்சை வாங்கி வந்தேன்.