வைஸ் பிரசிடெண்டு சம்சாரமான என் அக்காவுக்கு

என் உசுரான மரகதக்கா,

நல்லா இருக்கியான்னு கேட்கத்தான் கை போகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. உன்னிடம் எதைக் கேட்க? இங்கத்திய சேதியைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த வருஷம் மழை மோசமில்லை. கிணற்றடித் தோட்டத்தில் மல்லிகை பூத்துக் கொட்டுகிறது. மாமா இப்போதும் பஞ்சாயத்து வைஸ் பிரசிடெண்டுதான். உன் மகள் செல்வியை வருகிற ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும்.

என்னை ஊரில் 'வைஸ் பிரசிடெண்டு சம்சாரம்' என்கிறார்கள் அக்கா. உன்னைச் சொன்ன அதே சொல். வாசலில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், நீ அடுப்படியிலிருந்து 'இந்தா வாரேன்' என்று வருவாய் என்று இன்னமும் ஒரு நொடி காத்திருக்கிறேன். அப்புறம் நான்தான் எழுந்து போகிறேன்.

மாமா அந்தப் பதவிக்கு வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நான் எட்டாவது பாஸ் பண்ணிவிட்டு, வாத்திச்சி டிரெயினிங்குக்கு எழுதிப் போடுகிற வரைக்கும் உனக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று கன்னிவாடியிலிருந்து வந்திருந்தேன். பிரசிடெண்டு திண்டுக்கல்லில் வியாபாரம் செய்கிறவர். தனக்கு மாலை போடுகிற நாளைக்கு மட்டும் காரில் வருவார். அதனால் சனமெல்லாம் நம் வீட்டுக்கு வந்தது. மாமா காட்டில் இருப்பார். வந்தவர்களிடம் பேசியது நீ.

"வைஸ் பிரசிடெண்டு பொண்டாட்டின்னா என்ன செய்யணும்?" என்று மாமாவிடம் கேட்டாய். "வர்றவுகளுக்குச் சோறு வெஞ்சனம் வைக்கணும்" என்று சிரித்தார். உனக்கு அது பத்தவில்லை. வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா போர்டில் வைஸ் பிரசிடெண்டாக இருந்தவரின் சம்சாரம் திண்டுக்கல்லில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாய்.

வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்தாள் அந்த அம்மா. "துரைமாரு வந்தா பட்டுக் கட்டிக்கிட்டு நிக்கணும். அவுக சிரிச்சா சிரிக்கணும். செத்த நேரங் கழிச்சு உள்ள போயிரணும். அம்புட்டுத்தான் தாயி."

"பேச மாட்டீகளா?"

"என்னத்தப் பேச? என் பேரு என்னன்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்து வாசிக்கச் சொன்னாய். டில்லியில் ஏதோ விழா. உப ஜனாதிபதி, அவரும் ஒரு வைஸ் பிரசிடெண்டுதானே, மேடையில் நின்றார். "அவுக வீட்டம்மா எங்க நிக்கிறாக?" என்றாய். படத்தில் இல்லை என்றேன். "பேராச்சும் போட்டுருக்கானா?" இல்லை என்றேன். "அம்புட்டுப் பெரிய எடத்துலயும் இப்படித்தானாடி" என்று சிரித்தாய்.

அதற்கப்புறம்தான் கீழத்தெரு முத்தம்மா பிரசவ வலியோடு மாட்டு வண்டியில் போனது. கூட நீ போனாய். திண்டுக்கல் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே தாயும் போய், பிள்ளையும் போய், சேலை முழுக்க ரத்தத்தோடு திரும்பி வந்தாய். குளித்துவிட்டு மூலையில் உட்கார்ந்தவள் சோறு தொடவில்லை. "பக்கத்துல ஒரு எடம் இருந்திருந்தா பொழச்சிருப்பாடி, பாக்கியம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாய்.

கொஞ்ச நாளில் யூனியன் அதிகாரி நம் வீட்டில் சாப்பிட வந்தார். கோழிக் குழம்பு ஊற்றினாய். பரிமாறிவிட்டு உள்ளே போய்விட வேண்டியவள், போகாமல் தூண் பக்கம் நின்றாய்.

"ஐயா, எங்க ஊருக்கு ஒரு பிரசவ விடுதி வேணும்."

மாமா பிசைந்த கை இலையிலேயே நின்றுவிட்டது. அதிகாரி அவரைப் பார்த்தார். "என்னங்க வைஸ் பிரசிடெண்டு, நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

"அவுகளுக்கு வண்டியில கூடப் போன அனுபவம் இல்லீங்க ஐயா. நான் போயிருக்கேன்" என்றாய்.

"இடம் கொடுப்பீங்களா?"

"குடுக்குறோம்" என்றாய், மாமாவைக் கேட்காமலே.

அதிகாரி போனதும் மாமா காட்டுக்குப் போய்விட்டார். பொழுது சாய்கிற நேரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி, உன் முகத்தைப் பார்க்காமல், "ரோட்டோரப் புஞ்சையில ஒரு மூலைய விட்டுருவமா?" என்றார். நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாய். அவர் பெரிதாகப் பேசுகிற மனுஷன் இல்லை அக்கா. உனக்குத் தெரியாததா?

கட்டடம் எழும்பியது. சுண்ணாம்பு அடித்தாயிற்று, கட்டில் வந்து இறங்கிற்று. நீ அப்போது நிறைமாசம். ஆனால் திறப்பு விழாவுக்கு மதராஸிலிருந்து ஒரு பெரியவர் வரவேண்டும் என்று நாள் தள்ளிப் போயிற்று. மறுபடி குறித்த தேதியும் தள்ளிப் போயிற்று. "பெரியவர் கைபடத்தான் திறக்கணும்" என்று பிரசிடெண்டு பூட்டிச் சாவியைத் திண்டுக்கல்லுக்கு எடுத்துப் போய்விட்டார். திறந்தால்தான் நர்சம்மாவையும் போடுவார்களாம்.

உனக்கு நடுப்பகலில் வலி எடுத்தது. பிள்ளை பார்க்கிற காளியம்மா உன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறிற்று. "பிள்ள குறுக்க கெடக்கு. டவுனுக்குக் கொண்டு போங்க" என்றாள். மாமா தானே வண்டி பூட்டினார். காளியம்மாவும் நானும் உன் இருபக்கமும் உட்கார்ந்தோம்.

ரோட்டில் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது நீ தலையைத் தூக்கினாய். "தொறந்துட்டாகளா?"

"இல்லக்கா. பூட்டித்தான் இருக்கு."

"ம்" என்றாய். மாமா திரும்பவே இல்லை. மாட்டை விரட்டிக்கொண்டே இருந்தார்.

காளியம்மா வண்டியிலேயே தன்னாலானதெல்லாம் செய்து பிள்ளையை வெளியே எடுத்துவிட்டாள். பிள்ளை அழுதது. "பொம்பளப் பிள்ள" என்று உன் கன்னத்தில் வைத்தேன். உன் உதடு அதன் நெற்றியைத் தொட்டது. அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அங்கேதான் உன் கை என் கையை விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நம்மைப் பெற்ற அய்யா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளைக்கு ஒரு ஆத்தா வேணும் பாக்கியம். வெளியில இருந்து வர்றவ எப்படி இருப்பாளோ" என்றார். என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பிள்ளை என் மடியில் என் விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தது. டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த சேதி அந்த மாசமே வந்தது. நான் போகவில்லை. வடமதுரை பெருமாள் கோயிலில் மாமா எனக்குத் தாலி கட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எங்கிருந்தாவது நீ எங்களைப் பார்த்திருப்பாயா?

அதற்கும் பின்னால்தான் பெரியவருக்கு நாள் கிடைத்தது. பந்தல், மேளம், மைக்செட். "வைஸ் பிரசிடெண்ட் அவர்களின் துணைவியார் இப்போது ஆரத்தி எடுப்பார்" என்று மைக்கில் சொன்னார்கள். தட்டை என் கையில் கொடுத்தார்கள். பெரியவர் பூட்டைத் திறந்துவிட்டு மேடையேறிப் பேசினார். "இந்த விடுதிக்காக வைஸ் பிரசிடெண்டின் மனைவி மிகவும் பாடுபட்டதாக அறிந்தேன்" என்று சொல்லி, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். சனம் கை தட்டியது.

மேடைப் படிக்கட்டு வரைக்கும் போனேன். "அது நான் இல்லீங்க" என்றேன். மைக் அதையும் பிடித்துக்கொண்டது. "அது எங்க அக்கா மரகதம். இது பூட்டிக் கெடந்தப்ப இந்த ரோட்டு வழியாத்தான் வண்டியில கொண்டு போனோம். செத்துப் போச்சு."

கைதட்டல் அப்படியே அடங்கிற்று. பெரியவர் காகிதத்தை மடித்தார். பந்தல் ஓரத்தில் நின்ற கீழத்தெருப் பொம்பளைகளில் முத்தம்மாவின் ஆத்தாள்தான் முதலில் "என்னப் பெத்த மரகதம்" என்று மாரில் அடித்துக்கொண்டாள். நல்ல காரியத்தில் அழக் கூடாது என்று யாரோ அதட்டினார்கள். ஒருத்தியும் கேட்கவில்லை. உன் சாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மாமா, மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

பிரசிடெண்டு என்மேல் மாசக் கணக்கில் கோபமாக இருந்தார். மாமாவோ விழா நடந்த அன்று சாயங்காலமே சாவியைக் கேட்டு வாங்கி நர்சம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த விடுதியில் இப்போது எத்தனையோ பிள்ளைகள் பிறந்துவிட்டன. காளியம்மாவும் அங்கேதான் நர்சம்மாவுக்குத் துணையாக இருக்கிறாள். நான் தினம் போய் வருகிறேன். பெற்றவளுக்கு வெந்நீர் வைப்பேன், கஞ்சி காய்ச்சுவேன். ஒவ்வொருத்தி பிழைத்து எழுந்து போகும்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

நேற்று செல்வியும் கூட வந்தாள். புதிதாக மாற்றலாகி வந்திருக்கிற நர்சம்மா அவள் தாடையைப் பிடித்து, "ஒங்கம்மா இல்லேன்னா இந்த ஆஸ்பத்திரியே இல்ல, தெரியுமா?" என்றாள். பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் அம்புட்டுப் பெருமை. "நீயாம்மா கட்டுன?" என்றாள்.

அய்யாவும் மாமாவும், பிஞ்சு மனசு, இப்போது சொல்ல வேண்டாம் என்கிறார்கள். என்னைத்தான் பெற்றவள் என்று நினைத்துக்கொண்டே வளரட்டும் என்கிறார்கள். எனக்கும் ஆசையில்லையா அக்கா? அவள் அம்மா என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது என் வயிறு குளிர்கிறதே, அது பொய்யா? ஊர் உன் பேரைக் கேட்கவில்லை, மேடை கேட்கவில்லை. உன் பிள்ளையும் கேட்காமல் போனால் நீ எங்கே இருப்பாய்?

உனக்கு வாக்குத் தருகிறேன். பள்ளிக்கூடம் போகுமுன்னே அவளை மடியில் உட்கார வைத்து நானே சொல்வேன். உன் பேரை, உன் சிரிப்பை, அதிகாரி முன்னால் நீ நின்ற நிலையை, உன் உதடு அவள் நெற்றியைத் தொட்டதை. அதைக் கேட்டுவிட்டு அவள் என்னைச் சித்தி என்று கூப்பிட்டால், கூப்பிடட்டும் அக்கா. அதற்கும் 'இந்தா வாரேன்' என்றுதான் ஓடிப் போவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வியின் சித்தி,
பாக்கியம்